இருபுறமும் பிசின்

அத்தியாயம் 9

சிக்லோ ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் கால்வாய் வாடைக்கு நபீசா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வாடையிலயே ஒருத்தன் செத்திருக்கலாம், தம்பி. கொலைகாரன் எதுக்கு?"

சதாசிவம் சிரிக்கவில்லை. மாலையில் ராணுவ லாரி வரும். அதற்குள் லான் என்ற பெண் கொலை செய்யவில்லை என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். 1951ஆம் வருஷத்துச் சைகோனில் போர்ச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு உடுப்புப் போட்டவன் ஒருவன் செத்து, வியட்நாமியப் பெண் ஒருத்தி அகப்பட்டால், விசாரணை என்பது சிகரெட் ஒன்று எரிந்து முடிகிற நேரம்தான்.

சதாசிவம் காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுப் போலீஸில் இன்ஸ்பெக்டராகச் சைகோனுக்கு வந்து, மேலதிகாரியின் மைத்துனனைக் கைது செய்த குற்றத்துக்காக வேலையை இழந்தவர். இப்போது பென் தான் என்ற பெரிய சந்தைக்குப் பக்கத்தில் நபீசாவின் துணிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். நபீசாவும் காரைக்கால்தான். புருஷன் மௌத்தான பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவள். வியட்நாமிய பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாடியில் குடியிருக்கிறவன் யாரோடு சகவாசம் வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வழக்கிலும் கூடவே வந்துவிடுவாள். அவர் அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவார்.

சைகோனை ஒட்டிய சோலோனுக்குத் தெற்கே கால்வாயை மறித்து நின்றது அந்த இரட்டை மதகு. முன்னால் ஒரு ஜோடிப் பெரிய மரக்கதவு, பின்னால் ஒரு ஜோடி, நடுவே கருங்கல் சுவர் வைத்த மதகறை. படகுகள் மதகறைக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு கரையிலிருக்கும் சக்கரத்தைச் சுற்றி நீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து படகுகளை வெளியே விடுவார்கள். கரையோரமாகப் படகுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. குளிக்க ஒரு தகரக் கொட்டகை, கஞ்சிக்கடை, படகின் அடிப்பாகத்துக்குப் பிசின் பூசும் சாய்தளம், எல்லாவற்றுக்கும் நடுவில் செங்கல்லால் கட்டிய குடிநீர்த் தொட்டி. கால்வாய்த் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீரைப் படகில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புவார்கள். குழாயைத் திறந்து குடம் குடமாக விற்பவள்தான் லான்.

மதகுக் காவலர் தண்டாயுதபாணி ஓடிவந்து வரவேற்றார். அவரும் காரைக்கால்காரர்தான், ஐம்பதைத் தாண்டியவர். முந்தின நாள் மாலை ஆபீசுக்கு வந்து சதாசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான்.

"அவ ஒரு பாவமும் அறியாதவ, ஐயா. எப்படியாவது காப்பாத்தி உடுங்க."

"பார்க்குறேன், அண்ணே. லெப்டினன்ட் எங்கே?"

லெப்டினன்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இளைஞன். கண்ணுக்குக் கீழே கருவளையம். சதாசிவத்தின் பிரெஞ்சைக் கேட்டதும் கைகுலுக்கினான்.

"செத்தவர் பியேர், சுங்கக் காவலர். அவரும் உங்கள் காரைக்கால்காரர், தமிழர் என்றுதான் உங்களை உள்ளே விடச் சொன்னேன்," என்றான். "நேற்று முன்தினம் சாயங்காலம் படகுகளைச் சோதனை போடப் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நேற்று நண்பகல் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று என் சிப்பாய் மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே பியேர். மூழ்கிச் செத்திருக்கிறார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

"மூடி பூட்டியிருந்ததா?"

"பூட்டியிருந்தது. சாவி ஒன்றுதான். அது அவள் இடுப்பில் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று காலைதான் பியேர் அவளோடு சண்டை போட்டிருக்கிறார். தொட்டியைத் திறந்து போட்டால் எவனாவது விஷம் கலப்பான், இனிமேல் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று அவரே ஒரு பூட்டை வாங்கி அவள் முகத்தில் எறிந்திருக்கிறார்."

"தன் கல்லறைக்குத் தானே பூட்டு வாங்கிட்டுப் போனான் போல," என்று நபீசா தமிழில் முணுமுணுத்தாள்.

"அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?"

"இறந்தவருக்கு வருத்தம் தெரிவிக்கிறார்," என்றார் சதாசிவம். "அவருடைய உடுப்பைப் பார்க்கலாமா?"

குளியல் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை. மனைவிக்கு அனுப்புவதற்காகச் சிப்பாய்கள் அலசிக் காயப்போட்டிருந்தார்கள். லெப்டினன்ட் சற்றுத் தள்ளி நின்று சிகரெட் பற்றவைத்தான்.

நபீசா சட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"என்ன லாத்தா, வெலை படியலியா?"

"பேசாம இருங்க. இங்க பாருங்க, நெஞ்சுல ஒரு கறை. தடவினா வெரலு ஒட்டுது. குங்கிலியமும் எண்ணெயும் காச்சின பிசின். எங்க மாமா மரக்கலத்துக்கு இதைத்தான் பூசுவாங்க. எத்தனை அலசினாலும் போகாது."

"சாய்தளத்துல போறவர்றவன் மேலயெல்லாம் ஒட்டுமே."

"ஒட்டும். அதே கறை முதுகுலயும் இருக்கே."

சதாசிவம் சட்டையை வாங்கினார். நெஞ்சில் ஒரு கை அகலத்துக்கு. முதுகில் அதே உயரத்தில், அதே அகலத்துக்கு. ஒரு படகில் சாய்ந்தவனுக்கு ஒரு பக்கம்தான் ஒட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டவேண்டுமானால் இரண்டு படகு வேண்டும். அவற்றுக்கு நடுவில் அவன் இருக்கவேண்டும்.

"தொட்டிக்குள்ள ஏது படகு?" என்றாள் நபீசா.

"அதான் லாத்தா. இவன் தொட்டியில சாகலை."

அவர் மதகறையின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே நெல் படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. பியேர் ராத்திரி திரும்பாததுமே லெப்டினன்ட் கதவுகளைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், முந்தாநாள் சாயங்காலம் உள்ளே வந்த படகுகள் உள்ளேயே அடைபட்டிருந்தன. பெண்கள் அடுப்பு மூட்டவில்லை. ஆண்கள் யாரும் மேலே பார்க்கவில்லை. படிக்கட்டை ஒட்டி நின்ற இரண்டு படகுகளுக்கும் புதிதாகப் பிசின் பூசியிருந்தது. இரண்டின் விலாவிலும், ஒரு கை அகலத்துக்குப் பிசினை யாரோ வழித்தெடுத்தது போல வெறும் மரம் தெரிந்தது.

கதவுக்கு அருகே இளநீர்க் கூடுகள் ஏராளமாக மிதந்தன. வெட்டுவாயெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

"நேத்து வெட்டினது," என்றார் சதாசிவம்.

"ஒரே நாள்ல எல்லாருக்கும் வயித்துச் சூடா?" என்றாள் நபீசா.

லானைக் கஞ்சிக்கடைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். முப்பது வயசிருக்கும். உதடு வீங்கியிருந்தது. நபீசா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு வியட்நாமிய மொழியில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல நபீசா தமிழில் சொன்னாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் தண்ணிப் படகு வந்து தொட்டியை ரொப்பிட்டுப் போச்சாம். மூடியைத் தெறந்தபடி விட்டுட்டு இவ கஞ்சி குடிக்கப் போயிட்டா. பழக்கம் அப்புடி. இருட்டுற நேரத்துலதான் பூட்டு ஞாபகம் வந்திருக்கு. ஓடிவந்து மூடிப் பூட்டியிருக்கா. உள்ள எட்டிப் பாக்கலையாம்."

"மறுநாள் காலையில?"

நபீசா கேட்டாள். லான் சிறிது யோசித்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னாள். கேட்கக் கேட்க நபீசாவின் முகம் மாறியது.

"காலையில தண்ணி வாங்க ஒரு ஆளு வரலையாம். மதகறையில அத்தனை படகு நிக்குது. ஒரு குடம் கூடப் போகலை. காட்டுல ஒளிஞ்சு பிரெஞ்சுக்காரனோட சண்டை போடுறவங்க ஏதாவது உத்தரவு போட்டிருப்பாங்க, இவகிட்ட வாங்கக் கூடாதுன்னு, அப்படின்னு நெனைச்சாளாம். சும்மா உக்காந்திருக்குறதுக்கு டீ போட்டுச் சிப்பாய்களுக்குக் குடுத்திருக்கா. இவளும் குடிச்சிருக்கா."

"அந்தத் தொட்டித் தண்ணியிலயா?"

"வேற எதுல?"

சதாசிவம் கண்ணை மூடித் திறந்தார். உள்ளே பிணத்தைப் போட்டவள் அதிலேயே டீ போட்டுக் குடிக்கமாட்டாள். அப்படியானால் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இளநீர் வெட்டிக் குடித்தவர்கள்.

"இன்னொண்ணு சொல்றா, தம்பி." நபீசா குரலைத் தாழ்த்தினாள். "தண்டாயுதபாணி அண்ணனுக்குத் தினம் காலையில கெட்டில்ல டீ அனுப்புவாளாம். அவரு அதைக் குடிச்சிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுவாராம். நேத்து கெட்டில் ரொம்பின மேனிக்குத் திரும்பி வந்துச்சாம்."

நபீசாவிடம் அப்போது கிண்டல் எதுவும் இல்லை.

தண்டாயுதபாணி சக்கரத்துக்குப் பக்கத்தில் படகு கட்டும் ஒரு மரமுளையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் இரண்டு ஆணியில் நீளமான துரட்டி படுத்திருந்தது. தண்ணீரில் விழுந்தவர்களை இழுப்பதற்காக வைத்திருப்பது.

"ஏதாவது தெரிஞ்சுதா, ஐயா?"

"தெரிஞ்சுது, அண்ணே. நேத்துக் காலையில நீங்க ஏன் டீ குடிக்கலே?"

அவர் மதகறையைப் பார்த்தார். கீழே ஒரு படகில் உட்கார்ந்திருந்த கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பியேர் ரெண்டு படகுக்கு நடுவுல சிக்கியிருக்கான்," என்றார் சதாசிவம். "இந்த மதகறையிலதான். படகுல இருக்குற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். லானுக்கு மட்டும் தெரியாது. அவளைக் காப்பாத்துங்கன்னு எங்கிட்ட வந்து அழுதீங்களே, அண்ணே."

தண்டாயுதபாணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து பேசினார்.

"அவன் ஒவ்வொரு படகா தாவித் தாவிச் சோதிச்சுட்டு இருந்தான். ஒரு படகுல நெல்லுக்கு அடியில மருந்து டப்பா அகப்பட்டுடுச்சு. காட்டுல அடிபட்டுக் கெடக்குறவங்களுக்குப் போற மருந்து. லெப்டினன்ட்கிட்ட சொல்றேன்னு கத்திக்கிட்டே படியைப் பார்த்துத் தாவினான். நான் தண்ணியை எறக்கிட்டு இருந்தேன். படகெல்லாம் ஆடிச்சு. வழுக்கி நடுவுல உழுந்தான். ரெண்டு படகும் சேர்ந்து நெருக்கிடுச்சு."

"சத்தம் போட்டானா?"

"நெருக்கினப்புறம் சத்தமா வரலை. என்னைப் பார்த்தான். 'அண்ணே, துரட்டி'ன்னான். எங்க பேட்டைக்காரன் ஐயா அவன். அவன் கல்யாணத்துல நான் பந்தி பரிமாறினவன்." துண்டு அவர் முகத்தில் ஒட்டி ஈரமாயிற்று. "படகுல இருந்தவங்க எல்லார் கையிலயும் கழி இருந்துச்சு. ஒருத்தரும் நீட்டலை. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன். துரட்டி இதோ, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. நான் எடுக்கலை."

சதாசிவம் துரட்டியைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தொட்டியில ஏன் போட்டீங்க?"

"மதகறையில பிணம் கெடந்தா அத்தனை படகுக்காரங்களையும் கரையில நிறுத்திடுவாங்க. புள்ளைகுட்டியெல்லாம் இருக்கு. பியேர் குடிச்சான்னா அந்தத் தொட்டி விளிம்புல போய்த்தான் உக்காருவான். சிப்பாய்கள் எல்லாரும் பாத்திருக்காங்க. போதையில உழுந்துட்டான்னு போயிடும்னு நெனைச்சோம். சிப்பாய்கள் சாப்பிடப் போன நேரம் பாத்துத் தூக்கிட்டுப் போய்ப் போட்டோம். மூடி எந்நாளும் தெறந்தேதான் கெடக்கும். அன்னிக்கு அவ பூட்டுவான்னு யாருக்குத் தெரியும்? பூட்டு வந்த விஷயமே எனக்குத் தெரியாது, ஐயா."

"காலையில டீ வந்தப்போ தெரியுமே. சொல்லியிருக்கலாமே."

தண்டாயுதபாணி துண்டை முகத்தோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாலையில் தூரத்தில் லாரி வரும் புழுதி தெரிந்தது. மாலை என்று சொன்னது முன்னதாகவே வந்துவிட்டது. சதாசிவம் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையை அப்படியே சொன்னால் லான் பிழைப்பாள், படகுகள் பிழைக்கா. வாயை மூடிக்கொண்டால் படகுகள் பிழைக்கும், லான் லாரியில் ஏறுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

தண்டாயுதபாணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நான் பிரெஞ்சுப் பிரஜைதானே?"

"ஆமா. காரைக்கால்ல எங்க தாத்தா காலத்துலயே எல்லாரும் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்களே."

"அப்ப எனக்குக் கோர்ட்டு உண்டு. ஜட்ஜு உண்டு. வக்கீல் உண்டு. நான் ஒருத்தன்தான் செஞ்சேன்னு சொன்னா?"

சதாசிவம் அவரைப் பார்த்தார்.

"இருபது வருஷம் போட்டுடுவாங்க, அண்ணே. இந்த வயசுல."

"அவளையும் இவங்களையும் இன்னிக்கே சுட்டுப் போட்டுடுவாங்க."

லெப்டினன்ட் கொஞ்சமும் குறுக்கிடாமல் கேட்டான். சதாசிவம் சட்டையை விரித்து நெஞ்சுக் கறையையும் முதுகுக் கறையையும் காட்டினார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிசின் ஒட்டுவது எங்கே நடக்கும் என்று விளக்கினார். பிணத்தைத் தொட்டியில் போட்டவள் அதே தண்ணீரில் டீ போட்டு உங்கள் சிப்பாய்களுக்குக் கொடுத்துத் தானும் குடிப்பாளா என்று கேட்டார். தானும் அந்த டீயைக் குடித்தது லெப்டினன்ட்டுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் முகம் வெளுத்தது.

பிறகு தண்டாயுதபாணி முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். பியேருக்கும் தனக்கும் ஊர்ப் பகை. பிடித்துத் தள்ளினேன். நான்தான் தூக்கிப் போய்த் தொட்டியில் போட்டேன். படகுக்காரர்கள் அப்போது கஞ்சிக்கடையில் இருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

லெப்டினன்ட் மதகறையைப் பார்த்தான். படகுகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இந்த வயதில் ஒருவராகவா தூக்கினார்?" என்றான். "முசே சதாசிவம், நீங்கள் போலீஸ்காரராக இருந்தவர். நீங்கள் கண்டுபிடித்ததும் இதுதானா?"

பதினான்கு வருஷப் போலீஸ் வேலையில் சதாசிவம் ஒரு பொய் வாக்குமூலம் கொடுத்ததில்லை. வேலை போனதே அந்த நேர்மையால்தான்.

"இதுதான்," என்றார்.

லெப்டினன்ட் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கலாம். களைத்துப்போயிருந்த அவனும் அதற்கு மேல் தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்திருக்கலாம். சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தான். லானை அவிழ்த்துவிடச் சொன்னான். மதகைத் திறக்கலாம் என்றான்.

தண்டாயுதபாணியின் கையில் விலங்கு மாட்டி லாரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, லான் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவர் எதிரில் போய் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று சதாசிவம் நினைத்தார். அவள் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டாள். நபீசா உடனே தமிழில் சொல்லவில்லை.

"என்ன கேக்குறா, லாத்தா?"

"வேண்டாம், தம்பி."

"சொல்லுங்க."

"அன்னிக்கு மூடியைப் பூட்டிட்டுத் திரும்புறப்போ உள்ளேருந்து சத்தம் கேட்டுச்சாம். தட்டுற மாதிரி ரெண்டு மூணு தடவை. புதுத் தண்ணி தளும்புதுன்னு நெனைச்சு வந்துட்டாளாம்." நபீசா லானைப் பார்க்காமல் சொன்னாள். "அவனைத் தொட்டியில போடுறப்போ அவன் செத்திருந்தானான்னு கேக்குறா."

தண்டாயுதபாணி நின்றார். அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரத்தமும் வடிந்தது.

"பேச்சு மூச்சு இல்லையே, ஐயா," என்றார். "செத்துட்டான்னுதானே..." சிப்பாய் அவர் தோளைப் பிடித்து லாரியில் ஏற்றினான். அவர் பலகையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லான் இப்போது நபீசாவின் முகத்தைப் பார்த்தாள். மூழ்கிச் செத்தான் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் சதாசிவத்துக்கு இப்போதுதான் புரிந்தது.

"சொல்லுங்க லாத்தா," என்றார் சதாசிவம். "செத்தவனைத்தான் போட்டாங்க, டாக்டர் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க."

நபீசா சொன்னாள். குரல் நடுங்காமல், லானின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை சொன்னாள். லான் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு தொட்டியிடம் போய், அடிக்குழாயை முழுவதும் திறந்துவிட்டு, தண்ணீர் கால்வாயை நோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.